திடலுக்கு ஓர் அக்கா

சென்னை அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் பட்டறை வாசல்களில் ஏதாவது கழித்துப் போட்டிருப்பார்கள். இயந்திரம் வந்திறங்கிய மரப்பெட்டி, கேபிள் சுற்றி வந்த பெரிய மர உருளை, உடைந்த பேலட் பலகை, லாரி டயர், கயிற்றுத் துண்டு. 1964-இல் தொடங்கிய தொழிற்பேட்டை இது. அறுபது ஆண்டுகளாக இங்கே இரும்பைக் கடைகிறார்கள், வளைக்கிறார்கள், பற்றவைக்கிறார்கள். அதை நம்பி காயலான் கடைகளும் வளர்ந்திருக்கின்றன. சாயங்காலம் ஷிப்ட் மாறும் நேரத்தில் அந்தக் குவியல்களின் மேல் பிள்ளைகள் ஏறி நிற்பார்கள். பட்டரவாக்கம் பக்கம் வரிசை வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்களின் பிள்ளைகள். தமிழும் இந்தியும் ஒடியாவும் கலந்து கத்திக்கொண்டிருப்பார்கள். "ஏய், இறங்குடா கீழ!" என்று வாட்ச்மேன் விரட்டுவார். ஓடுவார்கள். அவர் உள்ளே போனதும் மறுபடி ஏறுவார்கள்.

மாநகராட்சிப் பூங்கா இல்லாமல் இல்லை. சறுக்குமரம், ஊஞ்சல், பெரியவர்கள் நடப்பதற்கு 8 வடிவப் பாதை எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் அந்தப் பிள்ளைகளுக்குப் பலகைக் குவியல்தான் பிடித்திருக்கிறது. சேட்டை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் தியோடர் சோரன்சென் அப்படி நகரவில்லை. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் வடிவமைப்பதே அவர் தொழில். தான் பார்த்துப் பார்த்து அமைத்த திடல்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் பழைய சாமான் கிடக்கும் இடத்திலும் விளையாடுவதைக் கவனித்தார். அவர்கள் தேடிப்போவதையே கொடுத்தால் என்ன என்று 1931-இல் எழுதினார். 1943 ஆகஸ்டில், ஜெர்மானியப் படை நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், கோபன்ஹேகனின் எம்ட்ரப் என்ற தொழிலாளர் குடியிருப்பில் அது நடந்தது. சுற்றிலும் மண்மேடு, உள்ளே பலகை, செங்கல், பழைய சாமான்கள், சுத்தியல், ரம்பம். ஊஞ்சலும் சறுக்குமரமும் கிடையாது. பிள்ளைகள் குடிசை கட்டினார்கள், பள்ளம் தோண்டினார்கள், இடித்தார்கள், மறுபடி கட்டினார்கள். தான் செய்த வேலைகளிலேயே பார்க்க அசிங்கமானது இதுதான், ஆனால் தனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான் என்று சோரன்சென் பின்னாளில் சொன்னார்.

அந்த இடத்துக்கு முதல் நாளிலிருந்தே ஓர் ஆள் இருந்தார் என்பது இந்தக் கதையில் பலர் தாண்டிப்போகும் செய்தி. ஜான் பெர்டெல்சன் என்று பெயர். முன்பு கப்பலில் வேலை பார்த்தவர், பிறகு மழலையர் ஆசிரியராகப் பயிற்சி பெற்றவர். அவரிடம் பிறகு வருவோம். அதற்கு முன் அந்தப் பிள்ளைகளின் உடம்புக்குள்ளும் மூளைக்குள்ளும் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். பலகைமேல் ஏறுவது வெறும் ஆசையாக மட்டும் இருந்தால் இவ்வளவு தூரம் பேச வேண்டியதில்லை.

நியூயார்க்கில் கேரன் அடால்ஃப் என்ற உளவியலாளர், நடை பழகும் குழந்தைகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். ஒன்றிலிருந்து ஒன்றரை வயது வரையுள்ள குழந்தை தன்போக்கில் விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடி எடுத்து வைக்கிறது, 17 முறை விழுகிறது என்று அவர் குழு 2012-இல் எண்ணிச் சொன்னது. மணிக்கு 17 முறை தோற்றும் சலிக்காமல் எழுந்திருக்கும் உயிர் இது. உள்காதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை எந்தப் பக்கம் சுழல்கிறது என்று சொல்கின்றன. தசையும் மூட்டும் கை கால் எங்கே இருக்கிறது என்று சொல்கின்றன. கண் தூரத்தைச் சொல்கிறது. இந்த மூன்று செய்திகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க மூளைக்கு ஒரே வழி, உடம்பை அசைத்துப் பார்ப்பதுதான்.

அந்த அசைவு தானாக அசைந்ததாகவும் இருக்க வேண்டும். 1963-இல் ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹைன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இருட்டில் வளர்ந்த பூனைக்குட்டிகளை இரண்டிரண்டாக ஒரு சிறிய ராட்டினத்தில் பூட்டினார்கள். ஒரு குட்டி தன் காலால் நடக்கும். மற்றொன்று கூடையில் உட்கார்ந்திருக்கும். முதல் குட்டி நடக்க நடக்க கூடையும் சுற்றிவரும். இரண்டின் கண்ணுக்கும் கிடைத்த காட்சி ஒன்றுதான். பிறகு, கண்ணாடிக்குக் கீழே ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் தெரியும் மேசையில் விட்டபோது, நடந்த குட்டி பள்ளத்தை ஒதுக்கி மேட்டுப் பக்கமே போனது. கூடைக் குட்டிக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதையும் வெளிச்சத்தில் இஷ்டத்துக்கு நடக்க விட்டதும் தேறிவிட்டது என்பது இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

எலிகளிடம் போனால் வியப்பு இன்னும் கூடும். குட்டி எலிகள் நாள் தவறாமல் ஒன்றின்மேல் ஒன்று பாய்ந்து புரண்டு பொய்ச்சண்டை போடும். விளையாட்டு ஆசை மூளையின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று தேடிய யாக் பாங்க்செப், மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணியை நீக்கிய பிறகும் குட்டிகள் விளையாடுவதைக் கண்டார். அதாவது விளையாட்டு ஆசை சிந்திக்கும் பகுதியில் குடியிருக்கவில்லை. பசியும் தாகமும் இருக்கும் ஆழத்தில் இருக்கிறது. கனடாவில் செர்ஜியோ பெல்லிஸ் குழுவினர் வேறொன்றைக் கண்டார்கள். தோழர்களோடு விளையாடி வளர்ந்த எலியின் முன்மூளையில் நரம்புக் கிளைகள் கழிக்கப்பட்டுச் சீராகின்றன. விளையாடாத வளர்ந்த எலி ஒன்றோடு மட்டும் அடைத்து வளர்த்த குட்டியின் மூளையில் அந்தக் கழிப்பு குறைவு. மல்லிகைப் பந்தலைக் கவாத்து பண்ணுவது போல, வேண்டாத கிளையை வெட்டுவதும் வளர்ச்சிதான். அந்த வேலையை விளையாட்டு செய்கிறது. எலியிலிருந்து மனிதப் பிள்ளைக்கு ஒரே தாவலாகத் தாவக் கூடாதுதான். ஆனால் பாலூட்டிகளில் இத்தனை இனங்கள், சக்தியைச் செலவழித்து, அடிபடும் ஆபத்தையும் ஏற்று, இளமையில் விளையாடுகின்றன என்றால் அதற்குக் காரணம் இல்லாமல் இருக்காது.

நார்வேயில் எலன் சான்ட்செட்டர் மழலையர் பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்து, அவர்கள் தேடிப்போகும் ஆபத்துகளை 2007-இல் ஆறாகப் பிரித்தார்: உயரம், வேகம், கூரான கருவி, நீரும் நெருப்பும், மல்லுக்கட்டு, காணாமல் போவது. இந்தப் பட்டியலை வாசிக்கும் எவருக்கும் நம் தெருக்கள் நினைவுக்கு வரும். கொய்யா மரம் ஏறியது உயரம். டயர் ஓட்டியது வேகம். கண்ணாமூச்சியில் யாருக்கும் அகப்படாமல் இருட்டறையில் மூச்சைப் பிடித்து நின்றது காணாமல் போவது. கொஞ்சம் கொஞ்சமாகப் பயத்தை ருசித்து, அதைத் தாங்கப் பழகுவதுதான் இந்த விளையாட்டுகளின் வேலை என்பது சான்ட்செட்டரின் கருத்து. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972-73-இல் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. 5 முதல் 9 வயதுக்குள் விழுந்து அடிபட்டவர்களுக்குப் பின்னாளில் உயரத்தைக் கண்டு பயம் வந்திருக்கும் என்று எதிர்பார்ப்போம். நேர்மாறு. 18 வயதில் உயரத்துக்குப் பயப்படாதவர்களிடம்தான் சிறுவயதில் விழுந்து அடிபட்டவர்கள் அதிகம்.

சரி, பூங்காவிலும் ஊஞ்சல் உயரம்தானே, சறுக்குமரம் வேகம்தானே என்று கேட்கலாம். சறுக்குமரத்தில் ஏறினால் சறுக்கத்தான் முடியும். பத்தாவது முறை சறுக்கிய பிள்ளை படுத்துக்கொண்டும், தலைகீழாகவும், சறுக்கும் பக்கமாக ஏறியும் பார்ப்பது அதனால்தான். பொருளில் புதுமை தீர்ந்துவிட்டது, தன் உடம்பிலிருந்து எடுத்துப் பார்க்கிறது. சைமன் நிக்கல்சன் என்பவர் 1971-இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். ஓர் இடத்தில் நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் கூடிய உதிரிப் பொருள்கள் எத்தனை வகையாக இருக்கின்றனவோ, அந்த அளவுக்கு அங்கே கண்டுபிடிப்பும் இருக்கும் என்றார். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தி அல்ல. சுளை நோண்டிய நுங்குக் கூந்தல் இரண்டு, நடுவே செருக ஒரு குச்சி, தள்ள ஒரு கவட்டைக் கம்பு. அச்சு, சக்கரம், உராய்வு, திருப்பம் எல்லாம் அந்த நுங்கு வண்டியில் இருந்தன. பூந்தமல்லிக்கு அப்பால் பனை இருந்த ஊர்களில் அதை ஓட்டாத பிள்ளை இல்லை. பனை நின்ற இடம் மனைப்பிரிவாகிவிட்டது. நுங்கு பிளாஸ்டிக் பையில் உரித்து வருகிறது. உதிரிப் பொருள் இன்று கிடைப்பது எஸ்டேட் வாசலில்தான். அதற்கும் வாட்ச்மேன் இருக்கிறார்.

இப்போது பெர்டெல்சனிடம் வரலாம்.

பழைய சாமானைக் கொட்டி வேலியடைத்துவிட்டால் எம்ட்ரப் போன்ற சாகசத் திடல் ஆகிவிடாது, குப்பைமேடுதான் ஆகும். பெரிய பையன்கள் சுத்தியலைப் பிடுங்கிக்கொள்வார்கள். பெண் பிள்ளைகள் ஒரு வாரத்தில் வருவதை நிறுத்திவிடுவார்கள். சாதி, தெரு, மொழி என்று ஏற்கெனவே இருக்கும் கோடுகள் திடலுக்குள்ளும் விழும். இவற்றையெல்லாம் தடுப்பது அங்கே நாள்தோறும் இருக்கும் ஓர் ஆள். லண்டனில் சாகசத் திடல்களுக்காகவே உழைத்த ஆலன் சீமாட்டி, 1946-இல் எம்ட்ரப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி, குண்டு விழுந்து இடிந்த மனைகளை இப்படிப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். 1948-இல் கேம்பர்வெல்லில் முதல் திடல் வந்தது. பிறகு பிரிட்டனில் திடலில் உடனிருக்கும் வேலை தனித் தொழிலாகவே வளர்ந்து, 'விளையாட்டுப் பணியாளர்' என்று பட்டப்படிப்பு வரை போனது.

அந்தத் தொழிலின் சூட்சுமம் நம் ஆசிரியர் பயிற்சியில் கிடைக்காதது. விளையாட்டுப் பணியாளர் விளையாட்டுச் சொல்லித்தர மாட்டார். விசில் ஊத மாட்டார். பிள்ளை கட்டும் வீடு சரியப்போகிறது என்று தெரிந்தாலும், கீழே யாரும் இல்லாத பட்சத்தில் சரியவிட்டுப் பார்ப்பார். ஆணி தீர்ந்தால் கொண்டுவந்து வைப்பார். ஓரமாக நிற்கும் பிள்ளையின் பார்வை எங்கே போகிறது என்று கவனித்து, அந்தப் பக்கம் ஒரு கயிற்றை எதேச்சையாகப் போட்டுவிட்டு நகர்வார். காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன் திடல் முழுதும் நடந்து, கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகளை எடுத்துவிடுவார். கண்ணுக்குத் தெரியும் சவாலை விட்டுவைப்பார். உயரமான பலகை சவால். ஏறுகிற பிள்ளைக்கு அது உயரம் என்று தெரியும், எடைபோட முடியும். அந்தப் பலகை உள்ளே உளுத்துப்போயிருப்பது ஆபத்து. அதைப் பிள்ளையால் எடைபோட முடியாது. இந்த வித்தியாசத்தை ஒவ்வொரு நாளும் பிரித்துப் பார்க்க ஆள் தேவை. அறிவிப்புப் பலகை போதாது.

இப்படி ஒருவர் உடன் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலுக்கும் சான்று ருமேனியாவில் கிடைத்தது. சிகிஷோவாரா நகர மருத்துவமனையில் கைவிடப்பட்ட பிள்ளைகள், நாளின் பெரும்பகுதி தொட்டிலில் கட்டிப்போடப்பட்டுக் கிடந்தார்கள். ஒன்று முதல் பத்து வயது வரை உள்ளவர்கள். பேச்சில்லை. முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பார்கள். 2000-ஆம் ஆண்டை ஒட்டி விளையாட்டுப் பணியாளர்கள் அங்கே போய்க் கட்டை அவிழ்த்து, குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, ஓர் அறையில் தினமும் அவர்களோடு விளையாடத் தொடங்கினார்கள். லீட்ஸ் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரேசர் பிரவுனும் சோஃபி வெப்பும் அதைப் பதிவு செய்தார்கள். மருந்து மாறவில்லை, மருத்துவமனை மாறவில்லை. சில மாதங்களில் பிள்ளைகள் நடந்தார்கள், சிரித்தார்கள், ஒருவரோடு ஒருவர் பழகினார்கள்.

தமிழில் பேசி விளையாடிய ஒரு சான்றும் நமக்கு இருக்கிறது. இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1996-இல், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் கனடாவிலிருந்து வந்த கலைஞர் பால் ஹோகனும் சேர்ந்து தொடங்கியது. தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒரே பேருந்தில் அழைத்துவந்தார்கள். ஒருவர் ஊருக்குள் மற்றவர் போக அஞ்சிய காலம் அது. பூங்காவுக்குள் களிமண், வண்ணம், மரம், விலங்குகள், நாடகம், கதை. கூடவே அந்த ஊர் இளைஞர்கள் ஒரு குழுவாக. போர் அவர்கள் வீட்டுக்குள்ளும் புகுந்திருந்தது. பிள்ளைகளிடம் "என்ன நடந்தது, சொல்லு" என்று அவர்கள் தோண்டவில்லை. மண்ணையும் வண்ணத்தையும் கொடுத்துவிட்டு உடன் இருந்தார்கள். தொண்டு நிறுவனங்கள் எத்தனையோ திட்டம் கொண்டுபோன மண்ணில், இந்தப் பூங்காவைப் பற்றி உலகெங்கும் எழுதியதற்கு அந்த உடனிருத்தலே காரணம் என்பேன்.

திரும்பி நம் மேற்குப் புறநகருக்கு வருகிறேன். கூவம் கரையிலிருந்து குடும்பங்களை எடுத்து பூந்தமல்லிக்கு அப்பால் கூடப்பாக்கத்தில் அடுக்குமாடிகளில் குடியமர்த்தினார்கள். பழைய இடத்தில் பிள்ளைக்கு ஆற்றங்கரை இருந்தது, சந்து இருந்தது, எந்த வீட்டுத் திண்ணையிலிருந்தும் ஒரு பாட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். மாடிக் குடியிருப்பில் மூன்றாம் தளத்திலிருந்து அம்மாவால் பிள்ளையைப் பார்க்க முடியாது. அதனால் கீழே அனுப்ப மாட்டாள். அம்பத்தூர் வரிசை வீடுகளில் அப்பா ஒரு ஷிப்ட், அம்மா ஒரு ஷிப்ட். ஆவடியில் ஏரிக்கரை இருக்கிறது. ஏரியில் இறங்கிய பிள்ளைகள் திரும்பாத கதைகளும் இருக்கின்றன. இந்தப் பெற்றோரிடம் போய், பிள்ளையை வெளியே விடுங்கள், ஆபத்து நல்லது என்று சொல்வது பெரிய தவறு. உடன் ஒருவர் இருக்கிறார், பெயர் தெரியும், நம்பலாம் என்றால்தான் அவர்கள் விடுவார்கள்.

எஸ்டேட் சாமான் எல்லாம் திடலுக்கு ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிற நாட்டிலிருந்து வந்த மரப்பெட்டியிலும் பேலட்டிலும் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை ஒன்று இருக்கும். பக்கத்தில் எச்.டி. என்ற எழுத்துகள் இருந்தால் பூச்சியைக் கொல்ல மரத்தைச் சூடாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். ரசாயனமோ எண்ணெயோ சிந்தாததாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, வேண்டவே வேண்டாம். ரசாயனம் இருந்த டிரம், பேட்டரி உடைத்த இடத்து மண், பழைய பெயின்ட் உரியும் இரும்பு ஆகியவற்றில் ஈயமோ வேறு நஞ்சோ இருக்கலாம். டயர் அருமையான பொருள், ஆனால் மழைநீர் தேங்கினால் ஒரு வாரம் பத்து நாளில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். டயரின் அடியில் துளை போடாமல் திடலுக்குள் விடக் கூடாது. துருப்பிடித்த ஆணி என்றதும் எல்லோரும் ரணஜன்னிக்குப் பயப்படுவார்கள். அது துருவிலிருந்து வருவதில்லை, மண்ணில் உறங்கும் நுண்ணுயிரின் வித்துகள் ஆழமான காயத்துக்குள் போவதால் வருகிறது. அரசின் தடுப்பூசி அட்டவணையில் 5-6 வயதிலும் 10 வயதிலும் 16 வயதிலும் அதற்கு ஊசி உண்டு. திடலுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் பார்த்து, விடுபட்டதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட வைப்பது அங்கே உடனிருக்கும் அக்காவின் வேலையாக இருக்கலாம். மே மாத வெயிலில் இரும்புச் சறுக்குமரம் தோலைச் சுடும். வேம்பும் புங்கனும் நிழல் தரும் மண் தரைதான் நம் ஊருக்குத் தோதானது.

பெங்களூரில் இயங்கும் ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ் அமைப்பு பழைய டயர்களைக் கொண்டே நாட்டின் பல ஊர்களில் விளையாட்டுத் திடல்களை அமைத்திருக்கிறது. குறைந்த செலவில் அழகான வேலை. அதற்கு அடுத்த படிதான் இங்கே நான் கேட்பது, கட்டி முடித்த பிறகும் அங்கே இருக்கும் ஆள். ஆள் சம்பளம் கட்டுப்படியாகாது என்பவர்களுக்கு ஜப்பான் பதில் சொல்கிறது. தோக்கியோவில் செதகாயா என்ற வார்டில் 1979-இல் ஹானெகி பூங்காவுக்குள் ஒரு சாகசத் திடல் தொடங்கியது. இடத்தையும் சம்பளத்தையும் வார்டு நிர்வாகம் பார்த்துக்கொள்கிறது. நடத்துவது அக்கம்பக்கத்து மக்கள். இன்று அந்த வார்டில் மட்டும் அப்படி வேறு சிலவும் இருக்கின்றன.

நம்மிடம் முன்மாதிரி இல்லை என்றும் சொல்ல முடியாது. 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கிய பிறகு ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை நேரத்தில் தெருத்தெருவாகப் பிள்ளைகளைத் திரட்டினார்கள். மாதம் 1,000 ரூபாய்க்கு. பிள்ளைகள் அவர்களை டீச்சர் என்றதைவிட அக்கா என்றே அதிகம் கூப்பிட்டார்கள். இந்த மாநிலத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்குப் பயிற்சியும் முறையான சம்பளமும் கொடுப்பதுதான் பாக்கி. இடத்துக்கும் பஞ்சமில்லை: பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீதம் பொது வெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்கு எழுதித்தர வேண்டும் என்பது சட்டம். அப்படி வந்த ஓ.எஸ்.ஆர். மனைகளில் எத்தனையோ, பூட்டிய கேட்டுக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடக்கின்றன.

2022 முதல் நகர்ப்புற வார்டுகளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. சாலை, கால்வாய், தெருவிளக்கு பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் அடுத்த கூட்டத்தில் எழுந்து இரண்டு கேள்வி கேளுங்கள். நம் வார்டில் ஓ.எஸ்.ஆர். மனை எங்கே இருக்கிறது? அடுத்த பூங்கா டெண்டரில், சறுக்குமரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இரண்டு பேரின் சம்பளத்துக்கு ஒதுக்க முடியுமா? பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.